ஏழு குழி, ஆறு சத்தம்

ஆறுதான், என் காதில் விழுந்தது ஆறுதான், ஆனால் இருளாண்டி ஏழு என்கிறான், வெட்டிய புளியமரத் தூர்களுக்கு அடியில் குழி போட்டவன் அவன், தோட்டா இறக்கிக் களிமண்ணால் அடைத்தவன் அவன், ஏழு திரிக்கும் நெருப்புக் காட்டிவிட்டு இந்த ஓடைக் கரைக்கு ஓடிவந்து என் பக்கத்தில் குப்புற விழுந்தவன் அவன், அவன் ஏழு என்றால் ஏழாகத்தான் இருக்க வேண்டும், இருந்தால் நல்லது, எல்லோருக்கும் நல்லது, ஆனால் அவனுக்கு வலது காது கேட்காது, மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிணற்று வெடியில் அந்தக் காதும் இடது கையில் இரண்டு விரலும் ஒரே நொடியில் போயின, கேட்காத காதுக்கு ஏழு எப்படி வந்தது என்று கேட்டேன், 'காதால எவன் எண்ணுவான், நா காலால எண்ணுவேன், பூமி உதறும்ல' என்று வெறுங்காலை நீட்டிக் காட்டினான், பித்தவெடிப்பு ஓடிய அந்தக் காலைப் பார்த்தால் அது எண்ணும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் குப்புறப் படுத்தவனுக்குப் பாதம் எங்கே பூமியில் இருந்தது, வயிறும் முட்டியும்தானே இருந்தன, விரல் நுனி பட்டிருக்கும்... பட்டிருக்குமா? மணி நாலு நாற்பது. கல்யாணத்தில் மாமனார் போட்ட கடிகாரம், நாளுக்கு இரண்டு நிமிஷம் முந்தி ஓடும், மாமனார் மாதிரியே. ஐந்து பத்து வரை இந்தக் கரையை விட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது. அப்படித்தான் லைசென்ஸ் சொல்கிறது.

லைசென்ஸின் முதுகில் பொடி எழுத்தில், இங்கிலீஷில், பதினான்கு நிபந்தனை, மதுரைக் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா சத்தியமூர்த்தி ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார், சூரியன் இருக்கும்போதுதான் வெடி, சுற்றிலும் சிவப்புக் கொடி, முந்தின நாள் ஊரில் தண்டோரா, குழியை அடைக்க மரக்கோல்தான், இரும்பு ஆகாது, தோட்டா ஒரு பெட்டியில், அதை உசுப்பிவிடுகிற கேப்பு வேறு பெட்டியில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது, 'சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி வச்சுக்கங்க சார், ஒருத்தர் மாடியில, ஒருத்தர் கீழ'. ஒன்பதாவது நிபந்தனையில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. ஏதாவது ஒரு குழி வெடிக்கவில்லை என்று சந்தேகம் வந்தால் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது, அதற்கப்புறமும் பெர்மிட் வைத்திருக்கிற வெடிகாரர் மட்டும்தான் போகலாம். சந்தேகம் யாருக்கு வந்தால் என்று கேட்டேன், எனக்கு அப்படிக் கேட்டுத்தான் பழக்கம், பத்திரத்தில் இடுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், 'யாருக்கு வந்தாலும் வந்ததுதான் சார்'. வந்துவிட்டது. எனக்குத்தான் வந்தது. வராதது மாதிரி இருந்திருக்கலாம், இருளாண்டி ஏழு என்று சொன்னதும் 'ஆமா ஏழுதான்' என்று எழுந்து வேட்டியைத் தட்டியிருக்கலாம், அதற்குள் வாய் முந்திக்கொண்டு ஆறு என்றுவிட்டது.

ஏழு மாசம் அலைந்து வாங்கிய லைசென்ஸ் இது. இராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் மதுரையில், ஜில்லாவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு ஜில்லாவை ஆளுவது, இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, நம் ஆட்கள் பினாங்கில் உட்கார்ந்து காரைக்குடியில் மருமகள் என்ன குழம்பு வைப்பது என்று தீர்மானித்தவர்கள். முதல் தடவை போனபோது சத்தியமூர்த்தி கேட்டார், 'மரத்த வெட்டும்போது எங்களக் கேட்டீங்களா சார்?' பட்டா நிலம், சொந்தப் புளியமரம், எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். 'அப்ப தூருக்கு மட்டும் ஏன் கேக்குறீங்க?' தூர் என்னுடையது, வெடி சர்க்காருடையது என்றேன், சிரித்தார், அன்றைக்கே டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்குச் சிநேகம் ஆகிவிட்டது, ஆனால் கிணறு வெட்ட வெடி கேட்டால் அதற்கொரு விண்ணப்பம் இருக்கிறது, கல் உடைக்கக் கேட்டால் அதற்கொன்று இருக்கிறது, மரத்தூருக்கு இல்லை, 'பாறைன்னு எழுதிடுங்க சார், ஒரே வாரத்துல வாங்கித் தரேன், யார் வந்து பாக்கப் போறா அந்தப் பொட்டல்ல?' மாட்டேன் என்றுவிட்டேன். வாயால் நூறு சொல்லலாம், நெல் மண்டியில் வளர்ந்தவனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, விட்டதும் காற்றில் போய்விடும், எழுத்தில் ஒரு பொய்யை வைத்தால் அது நம்மைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும், பேரனைத் தேடிக்கொண்டு வந்து கதவைத் தட்டும். அதனால் தூர் என்றே எழுதி, கர்ணத்திடம் வரைபடம் வாங்கி, தாசில்தாரிடம் ஒரு ரிப்போர்ட், ஸ்டேஷனில் ஒரு ரிப்போர்ட், கடைசியில் பட்டா என் மனைவி தேனம்மை பேரில் இருப்பதை யாரோ கண்டுபிடித்துப் பைலைத் திருப்பி அனுப்ப, அவளையும் மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கி, வீட்டுக்காரி அன்றைக்கு மீனாட்சியைப் பார்த்துவிட்டு இரண்டு சுங்கடிப் புடவையோடு திரும்பினாள், தை முடியப்போகிற நேரத்தில் லைசென்ஸ் வந்தது. வந்த அன்றே படித்தேன், எந்தத் தேதியில் கொடுத்தாலும் மார்ச் முப்பத்தொன்றோடு அதற்கு ஆயுசு முடிந்துவிடும். இன்றைக்கு முப்பத்தொன்று.

முந்தியே முடித்திருக்கலாம். பெர்மிட் வைத்திருக்கிற வெடிகாரன் இந்தப் பக்கத்தில் இருளாண்டி ஒருவன்தான், அவன் மாசி முழுவதும் பங்குனி பாதியும் கிணறுகளில் கிடந்தான், நேற்றுத்தான் வந்தான். வந்தவனிடமாவது எது வேலை என்று சொன்னதோடு நின்றிருக்க வேண்டும். லைசென்ஸில் போட்டிருப்பது ஆறு தூர். கர்ணம் வரைந்து கொடுத்த படத்தில் ஆறு வட்டம். நிலத்தில் ஏழு தூர். ஏழாவது அதோ அந்த மேட்டுக்கு அங்குட்டு, பள்ளத்தில், கள்ளிப் புதரை ஒட்டி, தேனம்மையின் நிலமும் பக்கத்துக்காரர் மருதுவின் நிலமும் சேருகிற கோட்டிலேயே நிற்கிறது, நிற்பது மட்டுமா, எல்லைக்கென்று சர்வேக்காரர்கள் ஊன்றிய கல்லை அந்த மரம் ஐம்பது வருஷமாக வேரால் கட்டிப் பிடித்து, பாதிக் கல்லை விழுங்கியே விட்டது, இப்போது கல்லைத் தொடாமல் தூரை எடுக்க முடியாது, தூரைத் தொடாமல் கல்லைப் பார்க்கக்கூட முடியாது. கர்ணத்திடம் கேட்டேன். 'கோட்டு மேல நிக்கிறத எப்புடி வரைய, பாதி வட்டமாவா? விட்டுருங்க செட்டியாரே, நாலுபேரு கண்ணுல படாம கெடக்கட்டும்' என்றார். சர்வே கல்லைப் பெயர்த்தால் வழக்கு, அது தனிச் சட்டம், அதுவும் எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று லைசென்ஸ் வாங்கினேன். பிறகு ஏன்? இன்றைக்கு மத்தியானம் பெட்டியைத் திறந்தபோது எட்டுக் குழிக்குச் சரக்கு இருந்தது. ஆறு போக மிச்சம் இரண்டு. நாளைக்கு லைசென்ஸ் இல்லை, மிச்சத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும், கையெழுத்துப் போட்டு வாங்கிய சரக்கைச் சும்மா திருப்பிக் கொடுப்பது... அந்த வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, கல்யாண வீட்டில் மிஞ்சிய வாழைக்காயைக்கூட வற்றல் போட்டுவிடுவோம், அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகு மேட்டுக்கு அங்குட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. வாடகை டிராக்டர்காரன் கலப்பையை இந்தத் தூர்களில் உடைத்துக்கொண்டு போனவன், ஒரு தூர் இருந்தாலும் வரமாட்டேன் என்றான், அது ஒரு காரணம் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால், வற்றல்.

இரண்டையும் வை என்றேன் இருளாண்டியிடம், பெரிய தூர், வேர் ஆழம். ஒன்றுதான் வைப்பேன் என்றான். 'கடைசி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்யா, அத நா எப்பவும் செலவழிக்கிறதில்ல.' நாளைக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், சட்டப்படி அது குற்றம் என்று பேரம் பேசினேன், கால்மணி நேரம் பேசினேன், மண்டியில் நான் பேசி இறங்காத ஆள் கிடையாது, அவன் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான், வெடிப் பெட்டி பக்கத்தில் இருந்தால் பற்றவைக்க மாட்டான், கடைசியில் 'சரி' என்றான், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், போய் ஒன்றைத்தான் வைத்துவிட்டு வந்தான்.

மருதுவிடம் பேசுவது சுலபமாக இருந்தது, அது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அவர் தன் நிலத்தில் கடலைச் செடிக்குள் நின்றுகொண்டிருந்தார், கோட்டுத் தூரை எடுத்துவிடலாமா மருதுண்ணே, விறகு முழுக்க உங்களுக்கு, எனக்கு ஒரு சுள்ளி வேண்டாம் என்றேன். 'எடுங்க செட்டியாரே, சனியன் தொலையட்டும்.' கல்லும் போய்விடும். 'போனா போகுது, எங்க இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா எனக்குத் தெரியாதா?' ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வோமா என்றதற்குத்தான், 'நமக்குள்ள என்னத்துக்கு எழுத்தும் கிழுத்தும்' என்று தோளில் தட்டினார். நமக்குள் என்ன என்று ஒருத்தர் சொன்னால் அப்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும், இது எனக்குத் தெரியாததா, ஆனால் அவர் நல்ல மனிதர், அவர் பிள்ளைகள் எப்படி என்று தெரியாது, நானும் நல்ல மனிதன்தான், என் பங்காளிகள் எப்படி என்று அவருக்குத் தெரியாது. சிவப்புத் துணி கட்டிய கம்பைக் கையில் கொடுத்து வண்டிப்பாதையில் நிற்கச் சொன்னேன். அதோ நிற்கிறார், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஏழாவது தூருக்கு நம்மைவிட அவர்தான் பக்கம், ஆறா ஏழா என்று அவருக்கல்லவா தெரியும், இது ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை? மணி நாலு ஐம்பத்திரண்டு. கையைக் குவித்துக் கத்தினேன், மருதுண்ணே, எத்தனை வெடிச்சுச்சு? 'வெடிச்சிருச்சு, வெடிச்சிருச்சு!' எத்தனை? 'எல்லாம் வெடிச்சிருச்சு செட்டியாரே!' எண்ணினீர்களா? காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது, ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்தது, 'நீங்கதான... காதுல... பஞ்சு வைக்கச் சொன்னீக!'

நான்தான் சொன்னேன். அதுவும் ஒரு நிபந்தனை, பதினொன்றோ பன்னிரண்டோ. இருளாண்டி முதுகு குலுங்கச் சிரித்தான், சத்தம் வராத சிரிப்பு. அங்கே மருது கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலு எட்டு பள்ளத்தை நோக்கி வைத்துவிட்டார், விறகைப் பார்க்க ஆசை, அங்குட்டே நில்லுங்க என்று கத்தியதில் தொண்டை கிழிந்தது, நான் அப்படிக் கத்தி இருளாண்டியே பார்த்ததில்லை, மருது நின்றார், திரும்பினார், 'இந்தா நிக்கிறேன்யா, எதுக்கு இந்தக் கத்து' என்று பாதைக்கே போனார், அப்புறம்தான் கவனித்தேன், என் கை இருளாண்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவன் எங்கேயும் போகவில்லை, உட்கார்ந்துதான் இருந்தான், அவனை எதற்குப் பிடித்தேன்? விட்டேன். அவன் சட்டையை நீவிக்கொண்டான். ஆக, என் உடம்பு ஆறு என்றுதான் நம்புகிறது.

நம்பட்டும், உடம்புக்கு எண்ணத் தெரியுமா, யோசித்துப் பார்ப்போம், நான் எப்படி எண்ணினேன்? முதல் சத்தம் வந்ததும் என் வாய் என்ன சொன்னது? லாபம். சந்தேகமே இல்லை, லாபம் என்றுதான் சொல்லியிருக்கும், ஒண்ணு என்று என் வாயில் எண்ணிக்கை ஆரம்பித்ததே கிடையாது, அப்பச்சி, என் தகப்பனார், நடத்திய நெல் மண்டியில் மரக்கால் போடுகிற கருத்தையா முதல் மரக்காலைக் கொட்டும்போது லாபம் என்று பாட்டாக இழுப்பான், எந்த மண்டியிலும் அப்படித்தான், முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம், ரெண்டு, மூணு என்று போகும், படிக்கட்டு ஏறினாலும் எனக்கு லாபம், மாத்திரை எண்ணினாலும் லாபம், முதல் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலே வாய் தவறி அப்படிச் சொன்னதற்குத் தேனம்மை ஒரு மாசம் பேசவில்லை. அதில் தப்பு வராது, லாபம்தான் ஒன்று. ஆனால் எங்கள் மண்டியில் இன்னொன்று நடக்கும், மற்ற மண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் மண்டியில் நெல்லை விற்கும்போது லாபம், ரெண்டு, மூணு. நெல் விளைவித்த சம்சாரியிடமிருந்து வாங்கும்போது லாபம்... ஒண்ணு, ரெண்டு. லாபம் சாமிக்குப் போட்ட மாதிரி தனியாக நின்றுவிடும், அந்த ஒரு மரக்கால் எண்ணிக்கையில் சேராது. கருத்தையாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மூட்டை எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைப் பார்த்தே வாய் தானாக மாறிக்கொள்ளும், அப்பச்சி அந்த நேரத்தில் விபூதியைக் குழைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அப்படியானால்... லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஏழு சத்தம். ஏழு குழி, ஏழு சத்தம், ஒன்றும் மிச்சமில்லை, எழுந்து போகலாம், விசில் ஊதலாம், மருது விறகை எடுக்கலாம்! எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. இருளாண்டியின் கால் சரி, என் வாயும் சரி, வழக்கம்தான் தப்பு. ஆனால் எந்தக் கணக்கில் எண்ணினேன்? குப்புறப் படுத்துக்கொண்டு, காதில் விரலை விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் நான் வெடியை வாங்கிக்கொண்டிருந்தேனா, விற்றுக்கொண்டிருந்தேனா? திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், முதல் சத்தம், லாபம், மண் வந்து முதுகில் விழுந்தது, இரண்டாவது சத்தம்... அங்கே ஒன்றும் இல்லை, வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது, என்ன சொன்னது என்பது இல்லை, கடைசியில் ஆறு என்றது மட்டும் தெளிவாக இருக்கிறது, அதற்கப்புறம் மௌனம், நான் இன்னொன்றுக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேனா? காத்திருந்தால் இன்னும் ஒன்று பாக்கி என்று வாய்க்குத் தெரிந்திருக்கிறது, அப்படியானால் விற்கிற கணக்கு, அப்படியானால் ஆறுதான். இல்லை, இருளாண்டி தலையைத் தூக்காததால்தான் நானும் தூக்கவில்லை, அது காத்திருந்தது ஆகாது. பார், எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறேன், என்னிடமே பேரம், எதிரே உட்கார்ந்திருப்பவனும் நானே, விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்.

ஏழு என்றால் என்னென்ன மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும். ஏழு வெடித்திருந்தால் தூர் போயிற்று, கல்லும் போயிற்று, கல் போனது மூன்று பேருக்குத்தான் தெரியும், மூன்று பேரும் வாய் திறக்கப் போவதில்லை, வெடிக் கணக்கு எழுத ஆபீஸ் கொடுத்த நோட்டில் ஆறு என்று எழுதினால் லைசென்ஸுக்குச் சரி, வரைபடத்துக்குச் சரி, கர்ணத்துக்குச் சரி, சரக்கெல்லாம் அந்த ஆறுக்கே செலவு என்றால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார். ஆறுதான் வெடித்தது என்றால்? அப்போதும் நோட்டில் ஆறு! இதுதான் வேடிக்கை, எப்படிப் பார்த்தாலும் காகிதத்தில் ஆறு நிற்கிறது, ஆறு வட்டம், ஆறு தூர், ஆறு வெடி, கலெக்டரே வந்து எண்ணினாலும் ஆறு, என் வாழ்க்கையில் ஒரு காகிதம் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை, அந்தப் பள்ளத்தில் மட்டும், கல்லுக்கு அடியில், அது உட்கார்ந்திருக்கும், திரி எங்கேயோ ஈரத்தில் நின்றிருக்கும், இல்லை, நிற்காமல் மெதுவாகக் கங்கு கனிந்துகொண்டிருக்கும், அதற்குத்தான் அரை மணி நேரம். உண்மையை எழுதினால், குழி ஏழு என்று எழுத வேண்டும், ஏழாவது எங்கிருந்து வந்தது என்று ஸ்டேஷனில் கேட்பார்கள், கல் என்ன ஆயிற்று என்பார்கள், சம்மன் பட்டாதாரர் பேருக்கு வரும், காலையில் தேனம்மை இட்லியை வைத்துக்கொண்டே சொன்னாள், 'நீங்க காட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன், போலீசு வந்தா எம் பேரச் சொல்லித்தான் கூப்புடும், ஒங்களுக்கென்ன'. எனக்கென்ன. அது மட்டும் இல்லை, ஒரு தடவை நிபந்தனை மீறினவனுக்கு அடுத்த வருஷம் லைசென்ஸ் கிடையாது, மேற்கே எங்கள் இன்னொரு நிலத்தில் பதினொரு தூர் கிடக்கிறது. சத்தியமூர்த்தி கண்ணாடியைத் துடைப்பார், 'பாறைன்னு எழுதியிருக்கலாம் சார்' என்பார்.

ஐந்து மூன்று. இருளாண்டி அந்தப் பற்றவைக்காத பீடியைக் காதில் செருகினான், கேட்காத காதில். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்கத் தோன்றியது, அதைக் கேட்டு என்ன செய்ய, பயம் என்று அவன் சொன்னால் நான் என்ன செய்வேன், நானா போகப் போகிறேன்? ஒன்பதாவது நிபந்தனை என்னைப் போகவிடாது, பெர்மிட் அவன் பேரில், அவன் மட்டும்தான் போகலாம், சட்டம் என்னை இந்தக் கரையில் உட்காரவைத்து மேலே ஒரு துண்டும் போர்த்திவிட்டது. நல்ல சட்டம். அதைப் படித்த நாளிலிருந்து இந்த ஒன்பதை நான் இத்தனை தடவை நினைத்ததற்குக் காரணம் அரை மணி நேரம் என்பதா, வெடிகாரர் மட்டும் என்பதா? 'என்னய்யா முணுமுணுக்கிறீக?' ஒன்றுமில்லை என்றேன். 'ராத்திரி வெடிக்காமக் கெடந்தா, காலையில ஆடு மேய்க்கிறவ யாராச்சும் திரியப் பாத்துட்டு இழுப்பா. சிவகங்கைப் பக்கம் ஒரு கெணத்துல அப்புடித்தான் ஆச்சு.' அப்படியானால் இவனுக்கும் ஆறு என்று ஒரு நினைப்பு இருக்கிறதா, பிறகு ஏன் ஏழு என்றான்?

ஐந்து ஒன்பது, மாமனாரின் இரண்டு நிமிஷத்தைக் கழித்தால் ஐந்து ஏழு, கழிக்க வேண்டும், இப்போது இரண்டு நிமிஷம் எனக்கு வேண்டும். இருளாண்டி எழுந்து வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். நல்ல காதை என் பக்கம் திருப்பினான். 'அய்யா, முடிவாச் சொல்லிருங்க. ஆறா, ஏழா? ஏழுன்னா நா நேரா நடந்து போயிப் பாத்துட்டுக் கையக் காட்டுறேன், நீங்க விசில் ஊதுங்க. ஆறுன்னா மேட்டச் சுத்திப் போகணும், அதத் தோண்டி எடுக்கக் கூடாது, ஒரு அடி தள்ளிப் புதுசா ஒரு குழி போட்டு அந்த மிச்சத்த வச்சு, ரெண்டையும் சேத்துத் தூக்கணும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவேன். நீங்க சொல்லுங்க.' மிச்சம். நான் கால்மணி நேரம் பேரம் பேசி அவன் கொடுக்காத ஒன்று. நான் ஜெயித்திருந்தால் இப்போது பெட்டி காலி.

சொல்ல வேண்டியது ஒரு எண். வாயால் சொல்லுவது, காற்றில் போவது, எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஏழு என்று சொன்னால் போதும், அவன் நேரே நடப்பான். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன், ஆபீஸ் முத்திரை வைத்த நோட்டு, பேனா மூடி கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது, அதைத் தேடவில்லை. எழுதினேன். குழி ஏழு. சத்தம் ஆறு. ஏழாவது, கர்ணம் படத்தில் இல்லாத எல்லைத் தூர், அதில் சர்வே கல் இருக்கிறது, நான் சொல்லி வைத்தது. நேரம் மாலை ஐந்து ஏழு. சா.முத்.உமையப்பன் என்று முழுசாகக் கையெழுத்து, அந்தக் கட்டத்துக்குள் என் இனிஷியல் எப்போதும் அடங்காது, இன்றைக்கும் வெளியே போயிற்று. ஆறு என்றேன் அவனிடம்.

'அப்பச் சரி' என்று மரக்கோலையும் கடப்பாரையையும் எடுத்தான், பெட்டியை இடுக்கிக்கொண்டான், இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஒரு முகமும் காட்டவில்லை. நீ ஏழு என்றல்லவா சொன்னாய் என்றேன். 'அது ஒங்க மொகத்தப் பாத்துச் சொன்னது.' அப்படியானால் நீ எண்ணினது? 'ஏழுதான் வந்துச்சு காலுக்கும். ஆனா நா எந்தூரு வெடியிலயும் ஒண்ணக் கொறச்சுக்கிட்டுத்தான் போவேன்.' விரல் இல்லாத கையை ஆட்டினான். 'இது சரியா எண்ணுன அன்னைக்குப் போனது.' அப்படியானால் நான் எதைச் சொல்லியிருந்தாலும் நீ சுற்றித்தான் போயிருப்பாய், பிறகு என்னை எதற்குக் கேட்டாய்? 'கேக்கணும்ல. எழுதுறவுக நீங்கதான' என்று நடந்தான்.

இந்த அரை மணி நேரமாக நான் என் எண்ணிக்கையை அளந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், மரக்கால் என் கையில் இருக்கிறது என்று... நேரே போகவில்லை, அவன் சொன்ன மாதிரியே மேட்டைச் சுற்றிக் குனிந்து போகிறான், அங்கே மருது கொடிக்கம்பை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நிற்கிறார், வெயில் சாய்ந்து மூன்று பேருடைய நிழலும் கிழக்கே நீண்டிருக்கிறது. ஏழு வெடித்து முடிந்த பள்ளத்துக்கு அவன் போகிறானா, ஆறு வெடித்த பள்ளத்துக்குப் போகிறானா, இப்போதும் எனக்குத் தெரியாது, நோட்டில் இருக்கிறது, ஆனால் தெரியாது. அங்கிருந்து கள்ளிப் புதர் வரை எத்தனை எட்டு என்று எண்ணினால் மனசு கொஞ்சம் நிற்கும் என்று தோன்றியது, நான் எண்ணத் தொடங்கிய முதல் எட்டை அவன் வைத்ததும் என் வாய் லாபம் என்றது, ஒண்ணா ரெண்டா என்று காது கொடுத்துக் கேட்கிறேன், அவன் இரண்டாவதையும் வைத்துவிட்டான், மூன்றாவதும், வாய் திறந்தபடியே இருக்கிறது, அடுத்தது என்னவென்று அதற்குத் தெரியவில்லை.